2 கேபி கணக்கு: விண்டோஸ் மாற்றப் போய்த் தொலைந்த இலைப் பதிவு

இது எங்கள் கடையில் நடந்தது. கோத்தகிரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, நானும் உதவிக்கு ஒரு தம்பியும். தவறு எங்களுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு யார் மேல் தப்பு என்று தேட வேண்டாம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் பெயரும் ஊரும் இதில் வராது.

பின்னணி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது என்று எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. திரையிலேயே அறிவிப்பு வந்தால் யாருக்குத்தான் பயம் வராது, அந்த மாதம் முதல் வாரத்திலிருந்தே கடையில் சிபியூ அடுக்கி வைக்க இடமில்லை. பலர் அந்தத் தேதிக்கு மறுநாள் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். உண்மையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறப் பதிவு செய்துகொள்ளவும் வழி இருந்தது. இதை நாங்கள் வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் சொல்லவில்லை.

வந்தவர் ஒரு இலை ஏஜென்ட், அறுபதை நெருங்குகிற வயது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் 74 சிறு தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை எடுத்துப் பேக்டரிக்கு அனுப்புகிறவர். யார் எந்தத் தேதியில் எத்தனை சாக்கு போட்டார், மழை இலைக்கு ஈரக் கழிவு எவ்வளவு, நிகர எடை எவ்வளவு, உரத்துக்கு வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கோயம்புத்தூரில் ஒருவர் 2017இல் எழுதிக் கொடுத்த ஒரு சின்னப் புரோகிராமில் இருந்தது. எழுதிக் கொடுத்தவரின் போன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை (இந்த மாதிரிப் புரோகிராம் எழுதியவர்களின் நம்பர் என்றைக்கும் வேலை செய்ததில்லை, அது வேறு கதை).

அக்டோபர் 11, சனிக்கிழமை காலையில் வந்தார். தீபாவளி 20ஆம் தேதி. செப்டம்பர் மாத இலைக்காசைத் தீபாவளிக்கு முன்னால் எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும், அதனால் திங்கட்கிழமை மதியத்துக்குள் மெஷின் வேண்டும் என்றார்.

சனிக்கிழமை பார்த்ததும் பார்க்காததும்

கம்ப்யூட்டர் 2019இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 11க்குப் பிராசசர் போதும். ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸில் அணைக்கப்பட்டிருந்தது, விண்டோஸ் 10ஐப் போட்டவர் பழைய முறையில், அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எம்பிஆர் பார்ட்டிஷன் அமைப்பில் போட்டிருந்தார். சரிபார்க்கும் கருவி 'இந்தக் கம்ப்யூட்டர் தகுதியில்லை' என்று சொன்னதற்கு இதுதான் காரணம். பொருளில் குறை இல்லை, அமைப்பில்தான் குறை.

டிஸ்க்கின் உடல்நிலையை அன்று யாரும் பார்க்கவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அளவுகளைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்த்திருந்தால் படிக்கத் தடுமாறும் செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) 16 இருப்பது அன்றைக்கே தெரிந்திருக்கும், அப்படிப்பட்ட டிஸ்க்கில் எதையும் செய்யாமல் முதலில் முழு நகல் எடுத்திருப்போம். திங்கட்கிழமைதான் தெரிந்தது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டுக்கொள்ளலாம், இரண்டாயிரம் ரூபாய் சுற்றி ஆகும் என்று நான் சொன்னேன். "தீபாவளிச் செலவு இருக்கு தம்பி, பொங்கலுக்குப் பார்க்கலாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வியாபாரத்துக்காகச் சொல்வதாக நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம், அவ்வளவுதான். அந்தக் கூச்சத்துக்கு என்ன விலை என்பது பின்னால் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் குன்னூருக்கு ஒரு கேமரா வேலைக்குப் போய்விட்டேன். உதவித் தம்பிதான் அவரிடம் பேசினான். என்னென்ன வேணும்ங்க ஐயா என்று கேட்டிருக்கிறான். அவர் திரையில் விரலை வைத்து, "இந்தக் கணக்கு. அப்புறம் இந்தப் போட்டோ. கணக்குதான் முக்கியம்" என்று காட்டியிருக்கிறார். டி டிரைவைப் பற்றிக் கேட்டதற்கு அதெல்லாம் பழசு என்று சொல்லிவிட்டார்.

தம்பி அவர் காட்டிய இரண்டையும் பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டான். போட்டோ ஏற இருபது நிமிஷம் ஆனது. கணக்கு கண் இமைக்கும் நேரத்தில் ஏறிவிட்டது.

அதை நான் பின்னால் பார்த்தபோது அளவு 2 கேபி. டெஸ்க்டாப்பில் 'கணக்கு' என்று இருந்தது ஒரு ஷார்ட்கட், அதாவது உண்மையான ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி மட்டும். மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும், பழைய மானிட்டரில் அது ஒரு தூசிபோலத்தான் தெரியும். உண்மையான பதிவு சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டரில் இருந்தது, டாக்குமெண்ட்ஸிலும் இல்லை, டெஸ்க்டாப்பிலும் இல்லை. எட்டு வருஷக் கணக்கு எப்படி ஒரு நொடியில் ஏறும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனைச் சொல்லிப் பயனில்லை, அன்று மேசையில் ஐந்தாவது மெஷின் அது.

ஐந்து நொடி போன்

இன்ஸ்டால் பென்டிரைவைப் போட்டு ஆரம்பித்ததும், இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் இருப்பதால் விண்டோஸை நிறுவ முடியாது என்று நின்றது. டிபிஎம்மையும் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையையும் ஆன் செய்துவிட்டால் இது வருவது வழக்கம். தம்பி எனக்குப் போன் அடித்தான்.

"அண்ணா, எம்பிஆர்னு நிக்குது. பார்ட்டிஷனை எடுத்துரட்டுமா?"

"பேக்கப் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுண்ணா."

"அப்ப எடுத்துரு."

நான் ஏணியில் நின்றுகொண்டு பேசினேன். நடந்ததில் ஒரே ஒரு முடிவைப் பிடித்துக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். எடுத்தாச்சா என்பது கேள்வியே இல்லை, அதற்கு எடுத்தாச்சு என்றுதான் யாரும் சொல்வார்கள். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, போன வாரத்து இலைப் பதிவு ஒன்றைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டிருக்க வேண்டும்.

பார்ட்டிஷனை அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எம்பிஆரை ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அமைப்பாக மாற்ற விண்டோஸுக்குள்ளேயே கருவி இருக்கிறது, சரியாக நடந்தால் ஃபைல்களைத் தொடாது. அதை முடித்துவிட்டு, பழைய விண்டோஸின் மேலேயே அப்கிரேட் போட்டு, ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்திருக்கலாம். அழிக்காமல் செய்தால் பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரில் பத்து நாள் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாம். அதுவும் ஆபத்தே இல்லாத வழி என்று சொல்ல வரவில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபைல்களையே அழித்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாளில் நிறுத்தி, நவம்பர் 13இல்தான் சரிசெய்து மறுபடி வெளியிட்டது. எந்த வழியில் போனாலும் வெளியே ஒரு நகல் இருந்தாக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடும் வழியில் தப்பு செய்தால் திரும்ப இடமே கிடையாது. கூட்டம் அதிகமான நாளில் அதுதான் சீக்கிரம் முடியும், அதனால்தான் கடைகளில் அதையே செய்கிறோம்.

சி, டி இரண்டும் போய் ஒரே பார்ட்டிஷனாகப் புது விண்டோஸ் ஏறியது. போட்டோவையும் 'கணக்கு' ஐகானையும் தம்பி டெஸ்க்டாப்பில் திரும்ப வைத்தான். ஞாயிறு கடை லீவு, மெஷினை மட்டும் அப்டேட் இறங்கட்டும் என்று ஆனில் விட்டுவிட்டுப் போனோம். காணாமல் போன கணக்கு இருந்த இடத்தின் மேலே அன்று முழுக்க அப்டேட் எழுதிக்கொண்டிருந்தது. இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

திங்கட்கிழமை

மதியம் வந்து எடுத்துப் போனார். நாலு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, கணக்கு திறக்க மாட்டேங்குது. காணோம்னு ஏதோ வருது."

என்ன நடந்திருக்கும் என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிடுங்கள், மறுபடி ஆன் செய்ய வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இந்தச் சம்பவத்தில் நாங்கள் எடுத்த முதல் சரியான முடிவு அது. ஃபைல் போய்விட்டது என்று தெரிந்த பிறகு மெஷின் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்தான். பலர் அந்த நேரத்தில்தான் மீட்பு மென்பொருளைத் தேடி, அதே டிஸ்க்கிலேயே இறக்கி இன்ஸ்டால் செய்வார்கள்.

மழையில் நனைந்துகொண்டு போய் சிபியூவை வாங்கி வந்தேன். அவர் திட்டவில்லை. அவர் மனைவி டீ கொடுத்தார். அதைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மீட்பு

அது எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இந்தப் பகுதியே எழுத வேண்டியிருந்திருக்காது. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை காலி என்று சொல்லிவிடும், அதன் பிறகு தேடினாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஹார்டு டிஸ்க்கில் புதிதாக ஏதாவது மேலே எழுதப்படும் வரைக்கும் பழையது அங்கேயே கிடக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் மெஷினில் மாட்டி, ஸ்மார்ட் பார்த்து, அப்போதுதான் அந்த 16 செக்டரைக் கண்டோம். அதனால் மூல டிஸ்க்கில் எதையும் தேடாமல், டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளை வைத்து ஒரு 2 டிபி டிஸ்க்குக்கு முழு நகல் எடுக்க முடிவு செய்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களுக்குக் கடைசியில் வரும். எங்கே விட்டோம் என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். இரவு ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது, எங்கேயோ மரம் சாய்ந்திருக்கிறது. கடையின் யூபிஎஸ் அந்த மேசைக்கு இல்லை. காலை ஏழு மணிக்குக் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. செவ்வாய் மதியம் முடிந்தது.

நகலின் மேல், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளை ஓட்டினோம். பழைய டி பார்ட்டிஷன் முழுசாகக் கிடைத்தது. அந்த இடம் வரைக்கும் புது விண்டோஸ் எட்டவில்லை. 'அதெல்லாம் பழசு' என்று அவர் சொன்ன டி டிரைவில்தான் புரோகிராமின் செட்டப்பும், முன்பு எப்போதோ சர்வீஸ் செய்தவர் விட்டுப்போன 2024 மார்ச் மாதத்துக் கணக்கு நகல் ஒன்றும் இருந்தன. அந்த முகம் தெரியாத சர்வீஸ்காரருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சி டிரைவ் அப்படி வரவில்லை. எந்த ஃபைல் எங்கே என்று விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கும், பழைய பட்டியல் இருந்த இடத்தின் மேலேயே புதுப் பட்டியல் உட்கார்ந்துவிட்டது. பெயரை வைத்துத் தேட வழியில்லை. போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை வைத்து, பெயர் இல்லாமல் ஃபைலின் அடையாளத்தை மட்டும் வைத்துத் தேடினோம். அந்தப் புரோகிராம் பயன்படுத்துவது பழைய ஆக்ஸஸ் டேட்டாபேஸ், அந்த வகையில் 11 ஃபைல் வந்தன. ஒன்பது உடைந்தவையோ வேறு எதற்கோ உரியவையோ. ஒன்று மார்ச் நகலேதான். கடைசி ஒன்று, 38 எம்பி, திறந்தது.

திறந்தது சரி, உள்ளே விவசாயிகளின் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. இதுவும் உடைந்துவிட்டது என்று தம்பி தலையில் கை வைத்துவிட்டான். எனக்கும் ஒரு நிமிஷம் ஆனது. 2017இல் அந்த ஆள் பெயர்களை யூனிகோடில் இல்லாமல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். எழுத்துருவும் பழைய விண்டோஸோடு சேர்ந்து அழிந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்காக எங்களிடம் பாமினி இருந்தது, போட்டதும் 74 பெயரும் தமிழாக நின்றன. சரியாக இருக்கிற ஒரு ஃபைலைப் போயிற்று என்று நினைத்து அழித்துவிட இருந்தோம்.

கடைசிப் பதிவு ஜூன் 28. அந்தப் புரோகிராமில் கணக்கைச் சுருக்க ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் புது ஃபைல் ஒன்றை உண்டாக்கிவிட்டுப் பழையதை நீக்கிவிடும். ஜூனில் அவர் அதை அழுத்தியிருக்கிறார், நீக்கிய பழைய ஃபைல்தான் நமக்குக் கிடைத்தது என்பது எங்கள் ஊகம். அதற்குப் பிறகு தினமும் வளர்ந்த ஃபைல் பல துண்டாகச் சிதறி, அதில் சில துண்டுகளின் மேல் ஞாயிற்றுக்கிழமை அப்டேட் ஏறியிருக்கலாம்.

வெளியே மீட்பு நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். டிஸ்க் சுற்றுகிறது, படிக்கிறது, நகலும் கையில் இருக்கிறது. மேலே எழுதப்பட்டுவிட்டதை யாராலும் கொண்டுவர முடியாது, செலவும் நாளும்தான் கூடும். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். வேண்டாம் என்று அவர்தான் முடிவு செய்தார்.

தாளிலிருந்து

மிச்சம் இருந்தது ஜூலையிலிருந்து அக்டோபர் 11 வரை. இதில் உடனே தேவைப்பட்டது செப்டம்பர். நல்ல வேளையாகச் செப்டம்பர் இலைச் சீட்டுகளின் கார்பன் நகல் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன, சுமார் 340 சீட்டு. புதன் இரவும் வியாழனும் அவர் மகள் படிக்கப் படிக்க எங்கள் தம்பி அடித்தான். மழையில் நனைந்த சீட்டுகளில் 43ஆ 48ஆ என்று தெரியாத இடங்களில் விவசாயியின் கையில் இருக்கும் இலை நோட்டைப் பார்த்தோம். அக்டோபர் சீட்டுகளும் அதே டின்னில் இருந்ததால் அவற்றைத் தீபாவளி கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். 18, 19 தேதிகளில் பட்டுவாடா முடிந்தது.

ஜூலை, ஆகஸ்ட் சீட்டுகள் இல்லை. காசு கொடுத்து முடித்த மாதத்துச் சீட்டுகளை அவர் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிடுவார்களாம். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற தைரியம். அந்த மாதங்களின் மொத்த எடை பேக்டரி பில்லில் இருக்கிறது, தனித்தனிக் காசும் கொடுத்தாகிவிட்டது, அதனால் அது பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது உர முன்பணத்தில். ஜூலை, ஆகஸ்டில் கொடுத்த முன்பணம் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எங்கும் எழுதப்படவில்லை.

அவர் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். பெரும்பாலானவர்கள் தாங்களாகவே தொகையைச் சொன்னார்கள், சிலர் அவர் மறந்துபோனதையும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்பது பேர் சொன்னது அவர் நினைவோடு ஒத்துப்போகவில்லை. அதில் ஏழு பேர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். "இலை எனக்குத்தானே போடப் போறாங்க, கணக்குக்காக ஆளை விட முடியுமா" என்றார்.

எங்கள் பக்கம்: கூலி வாங்கவில்லை. ஒரு எஸ்எஸ்டியை எங்கள் செலவில் போட்டு, அதில் விண்டோஸ் 11ஐயும் புரோகிராமையும் பாமினியையும் ஏற்றிக் கொடுத்தோம். புரோகிராம் அதில் ஒழுங்காக ஓடுகிறது.

இப்போது என்ன மாறியிருக்கிறது

பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றுவதையே கூடுமானவரை நிறுத்திவிட்டோம். புது எஸ்எஸ்டி போட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றித் தேதி எழுதிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோம், மூன்று மாதம் தொடாதீர்கள் என்று. எஸ்எஸ்டி செலவு வேண்டாம் என்கிறவரிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன், கூச்சம் போய்விட்டது. அவசரப்படுகிறவர்களிடம் விண்டோஸ் 10லேயே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பாக ஓட்ட வழியிருக்கிறது என்றும் சொன்னோம்.

எது வேண்டும் என்று கேட்பதில்லை. உட்காரச் சொல்லி, தினமும் காலையில் என்ன செய்வீர்களோ அதைச் செய்து காட்டுங்கள் என்கிறோம். அவர் கிளிக் செய்யச் செய்ய ஃபைல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, ஃபோல்டரோடு எடுத்து, வேறு மெஷினில் திறந்து, நேற்றைய பதிவு ஒன்றை அவரே பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மேலே போகிறோம். எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கிறோம். புது லேப்டாப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா, அதன் 48 இலக்க மீட்புச் சாவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதும் முதல் கேள்வி, சாவி கைக்கு வராமல் பயாஸைத் தொடுவதில்லை. பார்ட்டிஷன் அழிப்பதைப் போனில் அனுமதிப்பது கிடையாது, நான் இல்லையென்றால் மெஷின் காத்திருக்கும். இதனால் வேலை தாமதமாகிறது, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஏஜென்டிடம் இப்போது ஒரு வெளி டிஸ்க் இருக்கிறது. மாதம் ஒருமுறை கடைக்குக் கொண்டுவருவார், தம்பி எங்கள் மெஷினில் திறந்து காட்டுவான். முன்பணத்துக்குத் தனியாக ஒரு நோட்டும் போட்டிருக்கிறார். ஜூலை முன்பணத்தில் இரண்டு பேர் கணக்கு மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.